மலைமேல் மூச்சு: ஆராய்ச்சி வரலாற்றைச் சொல்லும்போது விடும் பிழைகள்

கல்லடியில் உயர்தர உயிரியல் வகுப்பு எடுக்கிறேன். விஞ்ஞானக் கண்காட்சி வந்தால் யாராவது ஒரு குழு உயரமான இடங்களில் சுவாசம் பற்றிய ஆராய்ச்சி வரலாற்றைத் தெரிந்தெடுக்கும். கடற்கரைப் பிள்ளைகளுக்கு மலைமேல் ஆசை. இந்த வருடமும் வந்தார்கள். ஒரு காலத்தில் நான் விட்ட பிழைகள் அப்படியே அவர்களுடைய அட்டைகளில் இருந்தன. பெயர், ஆண்டுப் பிழைகளை இங்கே எடுக்கவில்லை. அவற்றை யாரும் திருத்திவிடலாம்.

ஒட்சிசன் நூற்றுவீதம்

மேலே போகப்போக வளியில் ஒட்சிசனின் நூற்றுவீதம் குறைகிறது என்று எழுதிவிடுவார்கள். எவரெஸ்ட் உச்சியிலும் அது 20.93தான். குறைவது அமுக்கம். 1878இலேயே பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் போல் பேர்ட் இதை எழுதிவிட்டார்.

நியம வளிமண்டல அட்டவணையை எவரெஸ்டுக்குப் போடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் தரும் பிழை இது. ஒவ்வோர் உயரத்துக்கும் சராசரி வளி அமுக்கத்தைத் தருவது அந்த அட்டவணை. அதன்படி எவரெஸ்ட் உச்சியின் 8848 மீற்றரில் அமுக்கம் ஏறத்தாழ 236 மில்லிமீற்றர் இரசம். தேடினால் சுலபமாகக் கையில் அகப்படுவதும் இந்த எண்தான். நானும் மாணவர்களும் இரண்டு கிழமை இரவிரவாக இருந்து ஒரு பெரிய வரைபை இதை வைத்தே வரைந்தோம். 1978 மே 8இல் மலையேறிகளான மெஸ்னரும் ஹேபெலரும் ஒட்சிசன் சிலிண்டர் இல்லாமல் உச்சிக்குப் போன செய்தியும் பக்கத்தில் இருந்தது. பார்க்க வந்த ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர் வெகுநேரம் நின்றுவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்த எண் சரியெண்டா அவங்க எப்படி உயிரோட இறங்கினவங்க?" என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கே வரைபைக் கழற்றினோம். பிள்ளைகளின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பதில் 1981 அக்டோபர் 24இல் கிடைத்திருந்தது. அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் கிறிஸ் பிஸ்ஸோ உச்சியிலேயே அளந்தார்: 253. வித்தியாசம் 17தானே என்று நினைக்காதீர்கள். மூச்சுக்குழாயில் சேரும் நீராவிக்கு 47ஐக் கழித்து ஒட்சிசனின் பங்கைக் கணக்கிட்டால் 253க்கு 43 வரும், 236க்கு 40கூட வராது. கடல்மட்டத்தில் அது 149. அவ்வளவு அடிமட்டத்தில் மூன்றரை மில்லிமீற்றர் ஏற்றமே ஆளைக் காப்பாற்றும்.

ஏன் இந்த வித்தியாசம்? அட்டவணை நடு அகலக்கோடுகளின் சராசரி. எவரெஸ்ட் 28 பாகை வடக்கில், வெப்பவலயத்துக்குக் கிட்ட இருக்கிறது. அங்கே வளி சூட்டில் விரிந்து உயர்ந்து நிற்பதால், அதே உயரத்தில் தலைக்கு மேல் மிஞ்சியிருக்கும் வளி கூட. குளிர்காலத்தில் உச்சியின் அமுக்கம் இறங்கும். ஆகவே எண்ணோடு இடத்தையும் மாதத்தையும் எழுதுங்கள்.

ஹோல்டேனை மறைப்பது

நுரையீரல் தானாகவே ஒட்சிசனை இரத்தத்துக்குள் சுரக்கிறது என்று பிரித்தானிய உடற்றொழிலியலாளர் ஹோல்டேன் நம்பினார். 1911இல் அமெரிக்காவின் கொலராடோவிலுள்ள பைக்ஸ் சிகரத்தில் அளந்தபிறகும் அதையே சொன்னார். அது பிழை. பிழை என்பதற்காகப் பலர் அவரை வெட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இன்னொரு உடற்றொழிலியலாளரான பார்க்ரொஃப்ட் 1920இல் ஏன் ஒட்சிசன் குறைந்த கண்ணாடி அறைக்குள் ஆறு நாள் இருந்தார், ஏன் தன் கை நாடியை வெட்டி இரத்தம் எடுக்க விட்டார் என்பது வாசிப்பவருக்கு விளங்காது. ஹோல்டேனுக்குப் பதில் சொல்லத்தான் அவர் உள்ளே போனார்.

மேபல் ஃபிட்ஸ்ஜெரால்டை மறப்பது

அதே 1911இல் கொலராடோவின் சுரங்க ஊர்களுக்குத் தனியாகப் போய் அங்கு வாழ்வோரின் சுவாசத்தை அளந்தவர். ஒக்ஸ்ஃபோர்ட் அவருக்குப் பட்டம் கொடுத்தது 1972இல். அப்போது அவருக்கு வயது 100.