பெயர் கொடுத்தவரும் நேரே வந்தவரும்: ஆர்பிஜி நாள் நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேஎல்லில் (கோலாலம்பூரில்) நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு டேபிள்டாப் ஆர்பிஜி நாள், அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் நாள், நடத்தலாம் என்று முடிவெடுத்தால், எந்தச் சாகசம், எந்த இடம், சாப்பாட்டை யார் பார்த்துக்கொள்வது என்பதைத்தான் முதலில் பேசுவார்கள். யாரை எந்த மேசையில் உட்கார வைப்பது என்ற கேள்வி அன்றைக்குக் காலையில்தான் நினைவுக்கு வரும். அதற்குள் பெயர் கொடுத்த ஆறு பேரில் நாலு பேர் வந்திருப்பார்கள், பெயரே கொடுக்காத மூன்று பேர் வாசலில் நிற்பார்கள், அவர்களில் ஒருவர் பகடையைக் கையில் தொட்டே பார்த்திருக்க மாட்டார். அந்த ஒருவர் முகம் வாடித் திரும்பிப் போனால் அடுத்த தடவை வரவே மாட்டார். நம் தமிழ்ப் பிள்ளைகளில் இந்த விளையாட்டுக்குள் வருகிறவர்களே கொஞ்சம் பேர்தான், அவர்களை வாசலிலேயே இழப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் ஒரு விஷயம். வீட்டில் நண்பர்களோடு விளையாடுவதும் இப்படிப் பொதுவில் ஆட்ட நாள் நடத்துவதும் வேறு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜிக்கு 2014 முதல் அட்வென்ச்சரர்ஸ் லீக் என்ற பொது ஆட்ட அமைப்பு இருக்கிறது, அதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டருக்கு 2008 முதல் பாத்ஃபைண்டர் சொசைட்டி இருக்கிறது. இவற்றில் உங்கள் கதாபாத்திரம் ஒரே மேசையோடு முடிந்துவிடாது. பெட்டாலிங் ஜெயாவில் ஏற்றிய லெவலை (கதாபாத்திரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று காட்டும் எண்) அப்படியே எடுத்துக்கொண்டு பினாங்கிலோ சிங்கப்பூரிலோ முன்பின் தெரியாதவர்களோடு உட்காரலாம். அதற்காகத்தான் மேசைக்கு எத்தனை பேர், எந்த லெவலுக்கு எந்தச் சாகசம் என்றெல்லாம் பொது விதிகள் வைத்திருக்கிறார்கள். பதிவு வேலையில் வரும் பாதித் தவறுகள், இந்த விதிகளைக் கணக்கில் எடுக்காமல் கல்யாண மண்டபத்துக்கு ஆள் சேர்ப்பது மாதிரி சேர்ப்பதால் வருகிறவை.

நாற்காலியை எண்ணி இடம் திறப்பதில் ஆரம்பிக்கிறேன். மண்டபத்தில் முப்பது பேர் உட்காரலாம், அதனால் முப்பது பேருக்குப் பதிவு என்று போட்டுவிடுகிறார்கள். எண்ண வேண்டியது ஜிஎம்களை, அதாவது மேசையில் கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவர்களை. வாயால் "வர்றேன்" என்று சொன்ன ஜிஎம் கணக்கில் வரக்கூடாது. சாகசத்தை (ஆடப்போகும் கதையை) வாங்கி, படித்து, "இந்த ஸ்லாட் என்னுடையது" என்று எழுதிக் கொடுத்தவர்தான் கணக்கு; ஸ்லாட் என்பது ஓர் ஆட்டத்துக்கு ஒதுக்கும் நேரம். ஒரு ஜிஎம் உறுதியான பிறகு ஒரு மேசையைத் திறங்கள், அது நிரம்பிய பிறகு அடுத்ததைத் திறங்கள். எல்லா மேசையையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் இங்கே இரண்டு பேர், அங்கே இரண்டு பேர் என்று சிதறிப்போய் எந்த மேசையும் ஓடாது. அட்வென்ச்சரர்ஸ் லீக்கில் குறைந்தது மூன்று பேர் இருந்தால்தான் மேசையே செல்லும்.

அதே லீக்கில் ஏழு பேர் வரை உட்காரலாம் என்பதால் பதிவிலேயே ஏழு இடத்தையும் கொடுப்பது அடுத்த தவறு. ஏழு என்பது விதி அனுமதிக்கும் உச்சம், அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் இரண்டு நிமிடம், அரக்கர்களுக்காக ஜிஎம்முக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால், ஐந்து பேர் மேசையில் ஒரு சுற்று 14 நிமிடம், ஏழு பேர் மேசையில் 18 நிமிடம். நான்கு சுற்றுச் சண்டை ஒன்று, முதலாவதில் 56 நிமிடத்தில் முடியும், இரண்டாவதில் 72 நிமிடம் இழுக்கும். ஒரு ஸ்லாட் நான்கு மணி நேரம், அதில் இப்படி இரண்டு சண்டை வந்தால் கதை பேச எங்கே நேரம்? அதுவும் புதிதாக வந்தவர், தன் முறை முடிந்து மறுபடி வரும்வரை 16 நிமிடம் சும்மா இருக்கும்போது கைப்பேசியை எடுத்துவிடுவார், அதற்குப் பிறகு அவரை மேசைக்குத் திருப்புவது கஷ்டம். நான் சொல்வது இதுதான்: பதிவில் ஐந்து இடம், நேரே வருகிறவருக்கு ஒரு இடம், அத்துடன் நிறுத்துங்கள். பாத்ஃபைண்டர் சொசைட்டியின் இரண்டாம் பதிப்பில் ஆறு பேர்தான் உச்சம் என்பதால் அங்கேயும் இந்தக் கணக்கு சரியாக உட்காரும். காலியாக விட்ட அந்த ஓர் இடத்தைப் பார்த்து "யாரும் வராவிட்டால் வீணாகுமே" என்று யாராவது சொல்வார்கள். வீணாகாது, ஐந்து பேர் மேசை நன்றாகவே ஓடும்.

கூகள் ஃபாரமோ, ஆட்ட நாள் பதிவுக்கான வார்ஹார்ன் தளமோ, எதில் பதிவு வாங்கினாலும் சரி, பெயரும் ஃபோன் நம்பரும் மட்டும் கேட்டால் போதாது. கதாபாத்திரத்தின் லெவலைக் கேட்க வேண்டும். அட்வென்ச்சரர்ஸ் லீக்கில் 1 முதல் 4 வரை ஒரு படி, 5 முதல் 10 வரை அடுத்த படி, பிறகு 11 முதல் 16, கடைசியாக 17 முதல் 20. ஆறாம் லெவல் வீரனோடு வந்தவரை முதல் படிச் சாகசத்தில் உட்கார வைக்க முடியாது, வந்த பிறகு இதைச் சொன்னால் சண்டைதான் வரும். பாத்ஃபைண்டரில் 1–4, 3–6 என்று வரம்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழும், அதனால் லெவல் தெரிந்தால் ஆளை மாற்றி உட்கார வைக்கவும் வழி இருக்கும். முன்பு விளையாடியிருக்கிறாரா என்பதையும், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதையும் கேளுங்கள். கடைசி எல்ஆர்டி ரயிலைப் பிடிக்க வேண்டியவர் முடிவுச் சண்டைக்கு நடுவில் எழுந்து போவது மேசைக்கே அடி. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் யாருடைய எண்ணையாவது வாங்குங்கள். அடையாள அட்டை எண் எதற்கும் தேவையில்லை, கேட்காதீர்கள். வாங்கிய ஃபோன் நம்பர்களை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் படமெடுத்துப் போடவே போடாதீர்கள். அதனால் யார் யாரோ மெசேஜ் அனுப்பி, வருவதையே நிறுத்திவிட்ட பெண்கள் இருக்கிறார்கள்.

மேசையில் என்ன மொழி என்பதும் ஃபாரத்தில் இருக்க வேண்டும், இதை நம்மவர்கள் யாரும் எழுதுவதில்லை. விதிப் புத்தகம் ஆங்கிலம், பேச்சு தமிழ், நடுவே கொஞ்சம் மலாய், நம் மேசைகள் இப்படித்தான் ஓடும். கேஎல்லில் நேரே வந்து நிற்பவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவரை உட்கார வைத்துவிட்டு நான்கு மணி நேரம் தமிழிலேயே சிரித்துப் பேசினால் அது மரியாதையும் இல்லை. அதற்காகத் தமிழில் விளையாடத்தான் வந்தேன் என்று காத்திருந்தவரின் மேசையைப் பாதியில் ஆங்கிலத்துக்குத் திருப்புவதும் நியாயம் இல்லை. ஒரு மேசை தமிழ், ஒரு மேசை கலப்பு என்று பதிவிலேயே எழுதிவிடுங்கள், வாசலில் நிற்பவருக்கும் அதைச் சொல்லித் தேர்ந்தெடுக்க விடுங்கள்.

தேதி குறிப்பதில் நாள்காட்டியைப் பார்க்காமல் விடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று பத்துமலைப் பக்கமும், பினாங்கில் தண்ணீர்மலைக்குப் போகும் சாலைகளிலும் கார் நகராது. தீபாவளிக்கு முந்தின வாரம் யாரும் வரமாட்டார்கள். நோன்பு மாதத்தில் மாலை ஸ்லாட் வைத்தால் முஸ்லிம் நண்பர்களுக்கு நோன்பு திறக்க நேரம் இருக்காது. கல்யாணச் சீசன் ஞாயிறுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பதிவு முடிந்தது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் தூக்கிக் காட்டியவர் வருவார் என்று நம்புவதுதான் நம்மவர்களிடம் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு. "வர முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்ல நம் ஆட்களுக்குக் கூச்சம், அதனால் எல்லோரும் வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்வதைவிட, சங்கடமில்லாமல் விலகிக்கொள்ள ஒரு வழியைத் திறந்து வைப்பது நல்லது. சனிக்கிழமை ஆட்டம் என்றால் வியாழக்கிழமை ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு செய்தி: "சனிக்கிழமை வர்றீங்களா? வெள்ளி ராத்திரி 9 மணிக்குள்ள ஒரு வார்த்தை போடுங்க. முடியலன்னா பரவாயில்ல, இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துடுறேன்." பதில் வராத இடம் காத்திருப்போர் பட்டியலில் முதலில் நிற்பவருக்குப் போகட்டும். அந்தப் பட்டியலும் பதிவான நேரப்படிதான் இருக்க வேண்டும், "அண்ணே, நம்ம பையன் ஒருத்தன் வர்றான், பார்த்துச் செய்யுங்க" என்ற ஃபோனுக்கு அதில் இடமில்லை. ஒரே ஒருமுறை அப்படிச் சலுகை காட்டினாலும், வரிசையில் நின்றவர் அதைப் பார்த்துவிட்டால் உங்கள் பட்டியலை மறுபடி நம்பமாட்டார்.

அன்றைய நாளில் செய்யக்கூடிய பெரிய தவறு, அமைப்பாளரே முதல் ஸ்லாட்டில் ஜிஎம்மாக உட்கார்ந்துவிடுவது. ஜிஎம் பற்றாக்குறை எனக்கும் தெரியும். ஆனாலும் முதல் ஒரு மணி நேரம் வாசலில் நிற்க ஒருவர் வேண்டும், எந்த மேசையிலும் உட்காராத ஒருவர். அவர் இல்லாவிட்டால் நேரே வந்தவர் உள்ளே எட்டிப் பார்ப்பார், எல்லோரும் மும்முரமாக இருப்பார்கள், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கீழே மாமாக் கடைக்குப் போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். வந்தது கூட உங்களுக்குத் தெரியாது.

வாசலில் நிற்பவர் கையில் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் போதும். வந்த நேரம், பெயர், விளையாடிய அனுபவம். "உட்காருங்க, பார்ப்போம்" என்று சொல்லி ஒருவரை ஒன்றரை மணி நேரம் காக்க வைப்பது அவமானப்படுத்துவதற்குச் சமம். நேரத்தைச் சொல்லுங்கள்: "தம்பி, உங்களுக்கு முன்னால ஒருத்தர் இருக்காரு. பத்தேகாலுக்கு நானே வந்து சொல்றேன்." பத்தேகால் ஏன் என்றால், பத்து மணி ஆட்டத்துக்குப் பதிவு செய்தவருக்காக கால் மணி நேரம் வைத்திருந்து, அதற்குப் பிறகு இடத்தை விடுவிப்பது என்ற விதியை முன்கூட்டியே எல்லோருக்கும் எழுதி அனுப்பியிருப்பீர்கள். மழை, ரயில் தாமதம் எல்லாம் உண்மைதான், ஆனால் அப்படிச் சிக்கியவர் ஒரு செய்தி போட்டால் இடம் காத்திருக்கும். செய்தியே இல்லாமல் பத்தரைக்கு வந்து நிற்பவருக்காக, ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட புதியவரை எழுப்பாதீர்கள். தாமதமாக வந்தவர் எவ்வளவு பழைய ஆட்டக்காரராக இருந்தாலும் சரி, வயதில் பெரியவராக இருந்தாலும் சரி, எழுப்பாதீர்கள்.

புதியவருக்கு இடம் கிடைத்ததும் வெற்றுத் தாளைக் கொடுத்து "கேரக்டர் பண்ணுங்க" என்பது அடுத்த கோளாறு. அதற்கே முக்கால் மணி நேரம் போய்விடும், மேசையே காத்திருக்கும். முதல் லெவலில் தயாராக இருக்கும் கதாபாத்திரங்களை அச்சடித்து வையுங்கள். பாத்ஃபைண்டருக்கு வலேரோஸ் என்ற வீரன், கைரா என்ற பூசாரிப் பெண், மெரிசியல் என்ற திருடி, எஸ்ரன் என்ற மந்திரவாதி எல்லோரையும் அதை வெளியிடும் பைசோ நிறுவனம் இலவசமாகவே தருகிறது. நான்கையும் விரித்து வைத்து, "முன்னால நின்னு அடிக்கணுமா, ஒளிஞ்சு போகணுமா, காயத்தை ஆத்தணுமா, மந்திரம் போடணுமா?" என்று கேட்டால் அரை நிமிடத்தில் ஒன்றை எடுத்துக்கொள்வார். கூடவே ஒரு பென்சில், ஏழு பகடை கொண்ட ஒரு செட். மூன்று சொந்தக்காரப் பிள்ளைகள் சேர்ந்து வந்தால் பிரிக்கப் பார்க்காதீர்கள். முதல் நாளில் தெரிந்த முகம் பக்கத்தில் இருப்பது பெரிய தைரியம்.

இடமே இல்லை, இன்னும் நாலு பேர் நிற்கிறார்கள் என்றால்? அதற்காக ஒரு ஜிஎம்மை, மேசை ஒதுக்காமல், சின்னச் சாகசம் ஒன்றோடு தயாராக வைத்திருக்க வேண்டும். பாத்ஃபைண்டர் சொசைட்டியில் பவுண்டி என்று ஒரு மணி நேர அளவில் முதல் லெவலுக்காகவே எழுதியவை இருக்கின்றன. அட்வென்ச்சரர்ஸ் லீக் 2014இல் தொடங்கியபோது வந்த முதல் சாகசமே ஐந்து ஒரு மணி நேரத் துண்டுகள்தான், நேரே வந்தவர்களுக்கு அது அருமையாகப் பொருந்தும். ஆள் வராமல் அந்த ஜிஎம் சும்மா இருக்க நேர்ந்தால் அவருக்கு ஒரு மேசையில் ஆட்டக்காரராக இடம் கொடுங்கள். அதேபோல ஆள் குறைந்து இரண்டு மேசையை ஒன்றாக்க வேண்டியிருந்தால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே முடிவெடுங்கள். எப்போதும் ஒரே ஜிஎம்மின் மேசையையே கலைத்துவிடாதீர்கள். ஒரு வாரம் உட்கார்ந்து தயார் செய்தவர் அவர், இரண்டாவது முறை கலைத்தால் மூன்றாவது முறை வரமாட்டார்.

மதியம் இரண்டாவது ஸ்லாட்டுக்கும் பதிவு செய்தவருக்கு அந்த இடம் அவருடையதுதான். ஆனால் காலையில் ஆடிவிட்டு, மதியத்துக்குப் பதிவில்லாமல் நிற்கிறவரும், அன்று இன்னும் ஆடவே இல்லாதவரும் ஓர் இடத்துக்கு நின்றால், ஆடாதவருக்குத்தான் முதலில்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் நாற்காலி அடுக்கப் போய்விடுவார்கள், நேரே வந்தவர் கையை ஆட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். அவருடைய ஆட்டப் பதிவுத் தாளைக் கொடுக்காமல் அனுப்பாதீர்கள். பாத்ஃபைண்டர் சொசைட்டி என்றால் அவருக்கு ஒரு உறுப்பினர் எண் வேண்டும், அதை இடைவேளையிலேயே அவர் கைப்பேசியில் பைசோ தளத்தில் எடுக்க வைத்துவிடலாம். அந்த எண் இருந்தால்தான் ஆட்டத்தை அவர் பெயரில் ஏற்ற முடியும். அட்வென்ச்சரர்ஸ் லீக் என்றால் என்ன கிடைத்தது, எந்த லெவல் என்று லாக் ஷீட்டில் அவரே எழுத, ஜிஎம் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. தாளைக் கையில் கொடுக்கும்போதே அடுத்த ஆட்ட நாளின் தேதியைச் சொல்லி, வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கலாமா என்று கேட்டு, சரி என்றால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.