பாடுகிறான், சரி, கேட்கிறானா? சிறு பிள்ளையின் பேச்சு வளர்ச்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு முன்பள்ளியில் 14 ஆண்டுகளாகப் படிப்பித்து வருகிறேன். சென்ற தவணை தொடங்கிய வாரம், மூத்த பிள்ளையைச் சேர்க்க வந்த ஓர் இளம் தாய், இடுப்பில் இருந்த இளையவனைக் காட்டி, "ரீச்சர், இவன் இன்னும் கதைக்கேல்லை. ஆனால் போனிலை வாற பாட்டெல்லாம் அப்பிடியே பாடுவான். அதாலை எங்களுக்குப் பயமில்லை" என்றார். பிள்ளைக்கு 26 மாதம். ஏறக்குறைய இதே சொற்களை நானும் ஒரு காலத்தில் அயலெல்லாம் சொல்லித் திரிந்தவள் என்பதால், அவரிடம் கோபிக்க எனக்கு உரிமை இருக்கவில்லை. கோபம் மட்டும் வந்தது.

பிள்ளையை அதட்டக்கூடாது, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் குறை சொல்லக்கூடாது என்பவற்றை அறியாதவர் இல்லை. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அறிந்தவர்களும் போய் விழுகிற இடங்கள் சில உண்டு.

பாட்டைப் பேச்சுக் கணக்கில் சேர்த்தல்

என் மகன் 2009ஆம் ஆண்டின் கடைசியில் பிறந்தான். போர் முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பித் தகரக் கொட்டிலில் குடியிருந்தபோது அவனுக்கு இரண்டு வயதாயிற்று. "அம்மா" என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. ஆனால் பொழுதுபட்டதும் அம்மம்மா மடியில் இருத்திச் சாய்ந்தாடும் பாட்டைத் தொடங்கினால், இராகம் பிசகாமல் அவனும் கூட இழுப்பான். கைவீசும் இடத்தில் கைவீசுவான். பாட்டு முடியும் இடத்தில் தானும் முடித்துவிட்டுச் சிரிப்பான். இப்படிப் பாடுகிற பிள்ளைக்குக் காதில் குறை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

பேச்சு வராததற்கோ ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும் என்றார்கள் அயலார். தகப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தவர் என்றார் மாமியார். எல்லாவற்றுக்கும் மேலாக, வயிற்றில் இருக்கும்போதே செல் (எறிகணை) சத்தம் கேட்ட பிள்ளை, அந்தப் பயம் தெளிய நாளெடுக்கும் என்ற பேச்சு இருந்தது. அந்த ஆண்டுகளில் வன்னியில் ஒரு பிள்ளைக்கு என்ன குறை கண்டாலும் அந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது; அதை மறுப்பது நடந்ததையே மறுப்பதுபோல் ஆகிவிடும் என்பதால் ஒருவரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. ஓரிடத்தில் துணிந்து கேட்டபோது, பிள்ளை முனகிக்கொண்டிருந்த பாட்டைக் கேட்ட ஒருவர், "பாடுறான்தானே, பிறகென்ன?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பதில் எனக்கும் வசதியாக இருந்தது என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

மூன்று வயது நெருங்கியபோது, காய்ச்சலுக்குக் காட்டப் போன இடத்தில் ஒரு வைத்தியர் அவனுக்குப் பின்னால் நின்று, மெல்லிய குரலில் பெயர் சொல்லி அழைத்தார். அவன் திரும்பவில்லை. உரத்து அழைத்தார், திரும்பினான். பின்னர் யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் கொண்டுபோய்ச் செய்வித்த சோதனையில், இரண்டு செவிப்பறைகளுக்கும் பின்னால், நடுக்காதில், பிசின் போன்ற நீர் கட்டியிருப்பது தெரிந்தது. வலி இல்லை, சீழ் இல்லை, வெளியே தெரியும் அடையாளம் எதுவுமே இல்லை. சிறு பிள்ளைகளுக்கு மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குட்டையாகவும் அதிகம் சரிவில்லாமலும் இருப்பதால், தடிமன் பிடித்த பின் இப்படி நீர் தங்குவது மிகவும் சாதாரணம். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாகவே வற்றிவிடும். வற்றாமல் நின்றுவிட்டால், பிள்ளை உலகத்தைச் சுவருக்கு அப்பால் இருந்து கேட்பதுபோலக் கேட்கும்.

அப்படியானால் அவன் எப்படிப் பாடினான்? உயிரொலிகள் உரத்தவை, இராகம் அவற்றின் மீதுதான் ஏறி வருகிறது. மெய்யொலிகள், குறிப்பாக க, ச, த, ப போன்றவை, மெல்லியவை, கணத்தில் மறைபவை. காது மந்தமானால் முதலில் தொலைவது அவைதான். கல்லு, பல்லு, பந்து மூன்றும் அந்தப் பிள்ளைக்கு ஏறக்குறைய ஒரே சொல். வீட்டுக்கு வந்து அன்று மாலை அவன் பாடியதை முதன்முறையாக உற்றுக் கேட்டேன்: தொடக்கம் முதல் முடிவு வரை ஆவும் ஈயும் ஊவும்தான். உயிர் இருந்தது, மெய் இல்லை. உயிரும் மெய்யும் சேர்ந்தால்தான் உயிர்மெய் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வந்தவளுக்கு, ஓராண்டு காலம் அது காதில் விழவில்லை.

காதில் சிறு குழாய் வைக்கும் சத்திரசிகிச்சை நடந்தது. அந்த ஆண்டு மாரி தொடங்கிய முதல் இரவு, தகரத்தில் மழை விழுந்த சத்தத்துக்கு அவன் காதைப் பொத்திக்கொண்டு கதறி அழுதான். அதற்கு முந்திய மாரி முழுவதும் அதே கூரையின் கீழ் அசையாமல் உறங்கியவன். "நல்ல பிள்ளை, மழைக்கும் எழும்பமாட்டான்" என்று நான் பெருமை பேசியவள். பேச்சு அதன்பின் வந்தது. ஆனால் முதலாம் வகுப்பிலும் அவனுடைய சகரமும் தகரமும் குழம்பிக் கிடந்தன. சக பிள்ளைகள் அவனைப்போலக் கதைத்துக் காட்டிச் சிரித்தார்கள்.

ஆகவே இப்போது தாய்மாரிடம் நான் ஒன்றைத்தான் கேட்கிறேன்: பிள்ளை கேட்கிறானா? தமிழில் செவியால் அறிவதற்கும் வாயால் வேண்டுவதற்கும் "கேட்டல்" என்ற ஒரே சொல் இருப்பது நமக்கு வசதி. உங்கள் முகம் தெரியாத இடத்தில் இருந்து, தொலைக்காட்சியும் மின்விசிறியும் ஓடாத வேளையில், மெதுவாக அழைத்தால் திரும்புகிறானா? தண்ணீர் வேண்டுமென்றால் "தண்ணி" என்றோ "தண்" என்றோ ஏதோ ஒன்றைச் சொல்லி வேண்டுகிறானா? ஒலி கோணலாக இருந்தாலும், ஒரே பொருளுக்கு எப்போதும் அதையே சொன்னால் அது சொல். மாட்டைக் கண்டு "மா" என்பதும் சொல். பாட்டு வரி, எத்தனை நீளமாக இருந்தாலும், அதை வைத்து அவன் எதையும் வேண்டாதவரை இந்தக் கணக்கில் சேராது. வீட்டில் அழைத்துப் பார்ப்பது சந்தேகத்தை எழுப்ப மட்டுமே உதவும். காதைத் தீர்மானிக்க வேண்டியது முறையான சோதனை.

அந்த இளம் தாயின் மகனுக்குக் காது குறைவில்லை என்று பின்னர் தெரிந்தது. அவன் பாடியதில் மெய்யெழுத்துகள் எல்லாம் தெளிவாகவே இருந்தன, ஆங்கிலப் பாட்டு உட்பட. ஆனால் பசித்தால் தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் விடுவானே தவிர, ஒரு சொல் சொல்லமாட்டான். கேட்டதை முழுதாகத் திருப்பிச் சொல்வது ஒரு திறன், சொல்லை எடுத்து ஆள்வது வேறொரு திறன். முதலாவது, இரண்டாவது இல்லாததை மறைத்துவிடும். அவனுக்கு இருப்பது என்னவென்று சொல்வது ஆசிரியையின் வேலை இல்லை. வைத்தியசாலையில் பேச்சு, விருத்தி ஆகியவற்றைப் பார்ப்பவரிடம் அனுப்பினேன். 26 மாதத்தில் போகிறார்கள். நான் 34 மாதத்தில் போனேன்.

மாதக் கணக்கைப் பந்தயமாக்குதல், அல்லது பார்க்காமலே விடுதல்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாக வகுத்தார்கள்: ஐந்தாம் மாதத்தில் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டும் சப்பாணி, பின்னர் நடந்து வருகிற வருகை, அதன்பின் நிலாவை விளையாட அழைக்கும் அம்புலி. இவற்றில் அம்புலியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். முற்றத்தில் நின்று நிலாவைக் காட்டினால் பிள்ளை உங்கள் விரலைப் பார்க்கிறதா, விரல் காட்டும் இடத்தைப் பார்க்கிறதா? பிறகு, மயிலையோ உழவு இயந்திரத்தையோ கண்டு, அது வேண்டும் என்பதற்காக இல்லாமல், நீங்களும் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தானே விரல் நீட்டுகிறதா? பேச்சு அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2022ஆம் ஆண்டில் தன் பிள்ளை வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது, 100க்கு 75 பிள்ளைகளாவது அந்த வயதில் செய்யக்கூடியவற்றையே வைத்தது. அதன்படி 9 மாதத்தில் பெயர் சொன்னால் பார்க்க வேண்டும். 18 மாதத்தில் அம்மா, அப்பா தவிர மூன்று சொல்லாவது சொல்ல முயல வேண்டும், ஆர்வமானதைச் சுட்டிக் காட்ட வேண்டும். 24 மாதத்தில் "பால் தா" என்பதுபோல் இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டும். 30 மாதத்தில் ஏறக்குறைய 50 சொற்கள் இருக்க வேண்டும். மூன்று வயதில் வெளியாட்களுக்கும் பெரும்பாலும் விளங்க வேண்டும். முந்தி வந்தால் பரிசில்லை. பிந்தினால் போய்க் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நம் நாட்டில் 9, 12, 18 மாதங்களில் தடுப்பூசிக்கு எப்படியும் கிளினிக்குக்குப் போகிறோம். நிறை போட்டு, ஊசி போட்டு, பஸ்ஸுக்கு ஓடாமல், மருத்துவமாதுவிடம் பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தாலாட்டைக் கைத்தொலைபேசியிடம் ஒப்படைத்தல்

"அம்மம்மாவுக்குப் பாட்டு வராது, போனிலை நல்லா வருது" என்கிறார்கள். அம்மம்மாவின் பாட்டு பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறது. கண் சொருகினால் மெதுவாகிறது. பிள்ளை ஒரு ஒலி எழுப்பினால் நின்று அதற்குப் பதில் சொல்கிறது. திரையில் ஓடும் பாட்டு எவருக்காகவும் நிற்பதில்லை. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. சிறுபோக அறுவடைக்கு ஆள் கிடைக்காத நாளில் தாயும் வயலுக்குப் போக, வீட்டில் பிள்ளையைத் தனியே பார்க்கிற கிழவிக்கு அந்தக் கருவி எத்தனை பெரிய உதவி என்பதை அறிவேன், யாரையும் குற்றவாளியாக்கவில்லை. பாட்டை மட்டும் அதற்குக் கொடுத்துவிடாதீர்கள். தெரிந்த பாட்டை மெதுவாகப் பாடி, வரியின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்திவிட்டு, மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை காத்திருங்கள். அந்த இடைவெளியைப் பிள்ளை தன் சொல்லால் நிரப்பும் நாள் வரும். பெரும்பாலானோர் இரண்டு எண்ணுவதற்குள் தாங்களே பாடிவிடுகிறோம்.

பரீட்சை வைத்தல்

கனடாவில் இருந்து பெரியம்மா காணொளியில் அழைத்ததும், "இது என்ன சொல்லு? அது என்ன சொல்லு?" என்று தொடங்கிவிடுவார்கள். பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். கேள்வியைக் குறைத்து, அது பார்ப்பதை நீங்கள் சொல்லுங்கள். அது "மாடு" என்றால் "ஓம், மாடு வைக்கல் தின்னுது" என்று ஒன்றிரண்டு சொல் கூட்டிக் கொடுங்கள்.

ழகரத்தைத் திருத்துதல்

இரண்டு வயதில் வேண்டாம். ர, ற, ள, ழ எல்லாம் பிந்தித்தான் வரும்.

இரண்டு மொழியால் பேச்சுக் கெடும் எனல்

கெடாது. வவுனியாப் பக்கத்தில் தமிழும் சிங்களமும் சேர்ந்து கேட்டு வளர்கிற பிள்ளையின் சொற்களை எண்ணும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள். ஆனால் வீட்டில் ஒருவருக்கும் சரளமாக வராத ஆங்கிலத்தில் நாலு சொல்லை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லி, வாய் நிறைய வருகிற தமிழைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் வைத்திருப்பது வேறு கதை.

வசம்பும் தேனும்

நாக்கில் வசம்பு தடவினால் பேச்சு வந்துவிடும் என்பது உண்மையில்லை. ஒரு வயதுக்கு முன் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கவல்லது.

வந்த சொல் மறைதல்

நேற்றுவரை சொன்ன சொற்களைப் பிள்ளை சொல்லாமல் விட்டுவிட்டால், அல்லது காட்டிய கை காட்டாமல் நின்றுவிட்டால், எந்த வயதிலும் அதற்கு மாதக் கணக்கு இல்லை. அந்த வாரமே கொண்டுபோங்கள்.