பருவகாலமும் நிலாவும்: பிள்ளைகளுக்கு நாம் தப்பாகச் சொல்லித் தருபவை

என் அக்கா மகன் பினாங்கில் ஆறாம் ஆண்டு படிக்கிறான். "பூமி சூரியனுக்குக் கிட்டே போனால் கோடை, தள்ளிப் போனால் குளிர்காலம்" என்று போன வாரம் எழுதிக் கொண்டுவந்து காட்டினான். யார் சொன்னது என்று கேட்டேன். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்களாம்.

முதலில் இந்தத் தவறை விடுங்கள். பூமி சூரியனுக்கு மிகக் கிட்டே வருவது ஜனவரி தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தள்ளிப் போவது ஜூலையில், 15.2 கோடி. கிட்டே இருக்கிற அந்த ஜனவரியில்தான் லண்டனில் குளிர் நடுக்குகிறது, ஆஸ்திரேலியாவில் வெயில் கொளுத்துகிறது. தூரம்தான் காரணம் என்றால் இரண்டு இடத்திலும் ஒரே பருவம்தானே இருக்க வேண்டும்?

காரணம் பூமியின் சாய்வு, 23.4 பாகை. இதிலும் ஒரு தப்பு நடக்கிறது: பூமி ஆறு மாதம் இந்தப் பக்கம், ஆறு மாதம் அந்தப் பக்கம் சாய்ந்து ஆடுவதாகக் கையால் காட்டுவார்கள். அப்படி இல்லை. சாய்வு வருடம் முழுக்க ஒரே திசையில்தான் இருக்கிறது, பூமி சூரியனைச் சுற்றி வருவதால் ஒரு சமயம் வடபாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும், இன்னொரு சமயம் தென்பாதி. சாய்ந்திருக்கும் பாதியில் வெயில் செங்குத்தாக விழும், பகலும் நீளும்.

"நமக்குத்தான் நான்கு பருவம் கிடையாதே, இங்கே எதைக் காட்டுவது" என்று விட்டுவிடாதீர்கள். வாசலில் ஒரு குச்சியை நேராக நட்டு வையுங்கள். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் பினாங்கில் நடுப்பகலில் அதன் நிழல் காணாமலே போய்விடும், ஜூனில் நிழல் தெற்கே விழும், டிசம்பரில் வடக்கே விழும், இத்தனையும் அந்தச் சாய்வு செய்கிற வேலை. நடுப்பகல் என்றதும் 12 மணிக்குப் போய் நிற்காதீர்கள், நம் கடிகாரப்படி சூரியன் உச்சிக்கு வர ஏறக்குறைய 1.20 ஆகிவிடும்.

அப்புறம், பருவமழையும் பருவகாலமும் ஒன்று என்று குழப்பாதீர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று குளிர்காலம் ஆகாது.

சரி, நிலாவுக்கு வருவோம். பௌர்ணமிக்குத்தான் கடல் பொங்கும் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். அமாவாசைக்கும் அதே அளவு பொங்கும், ஏனென்றால் இரண்டு நாளிலும் சூரியன், பூமி, நிலா மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நிற்கின்றன, சூரியனின் இழுப்பும் நிலாவின் இழுப்போடு சேர்ந்துகொள்கிறது. அரை நிலா நாட்களில் ஏற்ற இறக்கம் குறைவு. தஞ்சோங் பூங்கா மிதக்கும் பள்ளிவாசல் பக்கம் போனால் இந்த வித்தியாசம் தூண்களிலேயே தெரியும்.

நிலாவைப் பார்த்த பக்கம் மட்டும் தண்ணீர் ஏறும் என்பதும் தப்பு. அப்படியென்றால் கடல் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஏற வேண்டும். பினாங்கில் இரண்டு தடவை ஏறுகிறது. நிலாவுக்குக் கிட்டே இருக்கும் தண்ணீரை அது அதிகமாக இழுக்கிறது, பூமியின் நடுப்பகுதியைக் கொஞ்சம் குறைவாக, எதிர்ப்பக்கத் தண்ணீரை இன்னும் குறைவாக. அதனால் எதிர்ப்பக்கத்திலும் தண்ணீர் பின்தங்கிப் புடைத்து நிற்கிறது. நிலாவும் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் தயவுசெய்து பிள்ளைகளிடம் சரியாகச் சொல்லுங்கள். 2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள், அன்றுதான் சுனாமி நம் பினாங்குக் கரையிலும் உயிர்களைக் கொண்டுபோனது. அதை வைத்து நிலாதான் காரணம் என்று இன்றும் பேசுகிறார்கள். காரணம் சுமத்ரா அருகே கடலடியில் நடந்த பெரிய நிலநடுக்கம். அது எந்தத் திதியிலும் வரலாம். கடல் வழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று உள்வாங்கினால், அமாவாசையா பௌர்ணமியா என்று யோசிக்காமல், மீன் பொறுக்கவும் போகாமல், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள்.