எலெக்ட்ரோடயாலிசிஸ் அடுக்கில் சவ்வுகள் இடம் மாறாமலிருக்க நிறக் குறியிடுவது எப்படி?

எலெக்ட்ரோடயாலிசிஸ் என்பது மின்சாரத்தால் நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் முறை. அதன் அடுக்கில் நேர் அயனிகளைக் கடத்தும் சவ்வும் எதிர் அயனிகளைக் கடத்தும் சவ்வும் மாறி மாறி வரும்; இடையிலுள்ள அறைகளில் ஒன்றுவிட்டு ஒன்றில் உப்பு குறையும் (நன்னீர் அறை), மற்றதில் சேரும் (உப்புநீர் அறை). நேர் அயனிச் சவ்வு, எதிர் அயனிச் சவ்வு இரண்டும் நனைந்த நிலையில் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். சில தயாரிப்பாளர்கள் ஒரு வகைக்குச் சாயமேற்றி அனுப்புகிறார்கள், ஆனால் எல்லோரும் அப்படிச் செய்வதில்லை.

ஒரே ஒரு சவ்வு மாறினால் என்ன ஆகும்? 10 ஜோடி (அதாவது 10 நன்னீர் அறையும் 10 உப்புநீர் அறையும்) கொண்ட அடுக்கு, லிட்டருக்கு 2000 மி.கி. உப்புள்ள நீரை 200 மி.கி.க்குக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் எதிர் அயனிச் சவ்வின் இடத்தில் நேர் அயனிச் சவ்வு உட்கார்ந்துவிட்டால், அதை ஒட்டிய நன்னீர் அறைக்குள் ஒரு பக்கம் நுழையும் சோடியம் மறுபக்கம் வெளியேறிவிடும், உப்பு குறையாது. மற்ற ஒன்பது அறைகளின் நீரோடு அது கலந்ததும் மொத்தம் 380 மி.கி. ஆகிவிடும். ஒரு நன்னீர் அறையின் இருபுறச் சவ்வுகளும் தமக்குள் இடம் மாறினால் இன்னும் மோசம்: அந்த அறையில் உப்பு சேரத் தொடங்கும்.

1. எது எது என்று உறுதிசெய்யுங்கள்

உறையின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஒரு சிறு துண்டு வெட்டி, நீர்த்த மெத்திலீன் புளூ கரைசலில் சில நிமிடம் போட்டுவிட்டு நன்றாக அலசுங்கள். நேர் அயனிச் சவ்வு அடர்நீலமாகவே நிற்கும். எதிர் அயனிச் சவ்வில் நிறம் பெரும்பாலும் கழுவிப் போய்விடும். இந்தத் துண்டுகளை அடுக்கில் பயன்படுத்தக் கூடாது.

அந்தச் சாயத்தையே நினைவுக்குறியாக்கிக் கொள்ளலாம்: நேர் அயனிச் சவ்வுக்கு நீலம், எதிர் அயனிச் சவ்வுக்கு மஞ்சள். சிவப்பு-பச்சை ஜோடி வேண்டாம்; நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு அது பிரிந்து தெரியாது. ‘+’, ‘−’ என்று எழுதுவதையும் தவிர்த்துவிடுங்கள். நேர் அயனியைக் கடத்தும் சவ்வுக்குள் நிலையாக இருப்பதோ எதிர் மின்னூட்டம். எனவே அந்தக் குறியை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள்.

2. ஊறவைத்த பின் வெட்டுங்கள்

உலர்ந்து வந்த சவ்வு நனைந்ததும் விரியும். லிட்டருக்குச் சுமார் 29 கிராம் சோடியம் குளோரைடு கரைத்து, தயாரிப்பாளர் வேறு நேரம் சொல்லாவிட்டால் 24 மணி நேரம் ஊறவையுங்கள். நீலத் தட்டில் ஒரு வகை, மஞ்சள் தட்டில் மறுவகை. தாள்களை ஒரு தட்டிலிருந்து மற்றதற்கு மாற்றவே கூடாது.

3. காதும் நூலும்

வெட்டும்போது, கேஸ்கெட்டுக்கு (கசிவைத் தடுக்கும் விளிம்புப் பட்டைக்கு) வெளியே 8 முதல் 10 மி.மீ. நீளும் ஒரு காது விடுங்கள்: நீல வகைக்கு இடப்பக்கம், மஞ்சள் வகைக்கு வலப்பக்கம். நிறம் தவறினாலும் இடம் காட்டிக்கொடுக்கும். காதில் சிறு துளையிட்டு அந்தந்த நிற நைலான் நூலைக் கட்டுங்கள். ஒட்டுநாடா ஈரச் சவ்வில் நிற்காது. மார்க்கர் மை பரவும். அதிலுள்ள கரைப்பானும் சாயமும் சவ்வைப் பாதிக்கலாம். நீரோடும் பகுதியில் எந்தக் குறியும் வேண்டாம்.

சவ்வுகளுக்கு இடையே நீரோட இடைவெளி தரும் ஸ்பேசர்களையும் மறந்துவிடாதீர்கள். பல அடுக்குகளில் ஒரே ஸ்பேசரைத் திருப்பி வைத்துத்தான் நன்னீர் வழியும் உப்புநீர் வழியும் உருவாகின்றன. அவற்றின் ஒரு மூலையை வெட்டிவிட்டால், திரும்பியிருப்பது உடனே தெரியும்.

4. அடுக்குதல்

10 ஜோடிக்கு நீலம் 11, மஞ்சள் 10, ஸ்பேசர் 20. இரு முனையிலும் நேர் அயனிச் சவ்வே வர வேண்டும். நேர்மின்வாய் அறைக்குள் குளோரைடு புகுந்து குளோரின் வாயு உண்டாவதை அது தடுக்கும். நேர்மின்வாயிலிருந்து தொடங்குங்கள்: நீலம், உப்புநீர் ஸ்பேசர், மஞ்சள், நன்னீர் ஸ்பேசர், மீண்டும் நீலம். ஒருவர் அடுக்க, இன்னொருவர் நிறத்தை உரக்கச் சொல்வது நல்லது. எந்தச் சவ்வும் காய்ந்துவிடாதபடி அவ்வப்போது நனைத்துக்கொள்ளுங்கள்.

இருமுனைச் சவ்வு (ஒரு பக்கம் நேர் அயனி வகை, மறுபக்கம் எதிர் அயனி வகை) இருந்தால் அதற்குப் பக்கமும் முக்கியம். அதன் நேர் அயனிப் பக்கம் எதிர்மின்வாயைப் பார்க்க வேண்டும். காதில் இரு நிற நூலையும் அந்தந்தப் பக்கம் முடிச்சு வரும்படி கட்டுங்கள்.

5. இறுக்கிய பின்

இடப்பக்கம் நீலமாகவே 11 காது, வலப்பக்கம் மஞ்சளாகவே 10 காது. அடுத்து, மேலிருந்து கீழாக இரண்டும் மாறி மாறி வருகின்றனவா என்று பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் வரிசை தவறியிருக்கலாம்.

கசிவைக் கண்டுபிடிக்கச் சாயம் ஊற்றாதீர்கள். எதிர் அயனிச் சவ்வு பல சாயங்களைப் பிடித்துக்கொண்டு விடாது. மின்சாரம் இல்லாமல் ஒரு வழியில் உப்புநீர், மறுவழியில் காய்ச்சி வடித்த நீர் விட்டு, வடிநீரின் மின்கடத்துதிறனை அளவிடுங்கள். மெதுவாக ஏறுவது இயல்பான பரவல். சட்டென்று ஏறினால் கசிவோ, திரும்பிய ஸ்பேசரோ இருக்கிறது.

பிறகு குறைந்த மின்னோட்டத்தில் ஓட்டிப் பாருங்கள். நன்னீரின் கடத்துதிறன் குறைவதற்குப் பதில் ஏறினால், முதலில் மின்கம்பிகளின் நிறத்தைச் சரிபாருங்கள். எதிர்மின்வாய் துருப்பிடிக்காத எஃகு என்றால், நேர்மின்வாயாக இணைக்கப்பட்ட நிலையில் அது அரிக்கப்படும். எனவே உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பிகளை மாற்றுங்கள்.