குண்டின் எடை கூடினால் வேகம் எவ்வளவு குறையும்? கணக்கிட்டுப் பார்க்கும் முறை

காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரிகளில் என்.சி.சி.யில் சேர்ந்து ரைபிளைக் கையில் எடுத்த மாணவர்களுக்கு, கனமான குண்டு மெதுவாகப் போகும் என்பது தெரிந்திருக்கும். எவ்வளவு மெதுவாக என்பதை இங்கே கணக்கிடுவோம். இதற்குத் துப்பாக்கி தேவையில்லை, கால்குலேட்டர் போதும்.

முதலில் தோட்டாப் பெட்டியில் அச்சாகியிருக்கும் குண்டின் எடையைப் பாருங்கள். அது கிரெய்ன் என்ற அளவில் இருக்கும். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம்; நம் ஊர் நகைக்கடைகளில் பெரியவர்கள் சொல்லும் குண்டுமணி எடையில் ஏறத்தாழப் பாதி. வெடிமருந்தின் எடையும் கிரெய்னில்தான் சொல்லப்படும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, ஒரே வகைத் தோட்டாவில் இரண்டு எடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். .308 வின்செஸ்டர் என்ற ரைபிள் தோட்டாவில் 150 கிரெய்ன் குண்டுக்கு வினாடிக்கு 2820 அடி, 180 கிரெய்னுக்கு 2620 அடி என்பவை பெட்டிகளில் வழக்கமாகக் காணும் எண்கள். இவற்றை 0.3048ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 860 மீட்டர், 799 மீட்டர் கிடைக்கும்.

இப்போது ஊகித்துப் பாருங்கள். எடை கூடிய அதே விகிதத்தில் வேகம் குறைந்தால் 860 × 150 ÷ 180, அதாவது 717 மீட்டர்தான் வர வேண்டும். இரண்டு குண்டுகளுக்கும் ஒரே அளவு ஆற்றல் கிடைக்கிறது என்று கொண்டால், 150 ÷ 180 இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும், விடை 785. பெட்டி சொல்வதோ 799. கனமான குண்டு நாம் நினைத்ததைவிடக் குறைவாகவே வேகம் இழக்கிறது. அதன் ஆற்றலும் சுமார் 3590 ஜூலிலிருந்து 3720 ஜூலாக உயர்கிறது.

காரணம் குழலுக்குள் இருக்கிறது. கனமான குண்டு தயங்கி நகர்வதால் அதன் பின்னால் வாயு விரிவதற்கான இடம் மெல்லத்தான் பெருகுகிறது. எனவே அழுத்தம் சட்டென்று விழாமல் நீடித்துத் தள்ளுகிறது. அழுத்தம் வரம்பு மீறாமல் இருக்க, உற்பத்தியாளர்கள் கனமான குண்டுக்குப் பெரும்பாலும் மெதுவாக எரியும் மருந்தையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

தோளில் விழும் உதையை அறிய, எடையை வேகத்தால் பெருக்குங்கள். 150 கிரெய்னுக்கு 8.4, 180 கிரெய்னுக்கு 9.3 (கிலோ × மீட்டர்/வினாடி). வேகம் குறைந்தும் உதை கூடுகிறது என்பதைப் புதியவர்கள் எளிதில் நம்புவதில்லை.

ஓர் எச்சரிக்கை: பெட்டியின் எண்கள் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தவை, குழல் குட்டையானால் வேகம் குறையும். ஆகவே ஒரே நிறுவனத்தின், ஒரே குழல் நீளத்தில் அளந்த எண்களையே ஒப்பிடுங்கள்.