ரோம் போறீங்களா? காலி பாட்டிலும் கொஞ்சம் சில்லறையும் வெச்சுக்கோங்க

ரோம்ல வெயில் காலத்துல சுத்துறவங்க தண்ணி பாட்டில் வாங்கியே காசைக் கரைக்காதீங்க, தெருவுக்குத் தெரு நசோனேன்னு ஒரு இரும்புக் குழாய் நிக்கும், 1870கள்லேர்ந்து இருக்கிற ஏற்பாடு, ஜில்லுன்னு நல்ல குடிதண்ணி ஃப்ரீயா ஓடிட்டே இருக்கும். பாட்டில் இல்லைன்னா குழாய் வாயை விரலால அடைங்க, மேல இருக்கிற சின்ன ஓட்டை வழியா தண்ணி வளைஞ்சு பீய்ச்சும், அப்படியே குடிச்சிரலாம்.

சில்லறை எதுக்குன்னா, பாந்தியன்ங்கிற பழைய ரோமானியக் கோயில்லேர்ந்து அஞ்சு நிமிஷ நடையில சான் லூயிஜி தேய் ஃப்ரான்செசி சர்ச் இருக்கு, கரவாஜியோ புனித மத்தேயுவை வரைஞ்ச 3 பெரிய ஓவியம் உள்ள இருக்கு, டிக்கெட்டே கிடையாது! அந்த இடம் கொஞ்சம் இருட்டா இருக்கும், பெட்டியில காயின் போட்டா லைட் எரியும், கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சிரும். இடது பக்கப் படத்துல இயேசு மத்தேயுவைச் சீடரா கூப்பிட்டுக் கை நீட்டுவாரு பாருங்க, அவர் தலைக்கு மேல சாய்வா வர்ற வெளிச்சம் மேஜையில இருக்கிறவங்க முகத்துல விழும், அதை மட்டும் நிதானமா பாருங்க, அவ்ளோ அழகு. மதியம் மூடிருவாங்க, அதனால காலையிலயே போங்க, தோளும் முட்டியும் மூடுற மாதிரி டிரெஸ் போட்டுக்கோங்க.