பிளஸ் டூ இயற்பியல்: பார்த்த கணக்கும் போட்ட கணக்கும்

மாலை நேரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ரிவிஷன் டெஸ்ட் தாளைத் திருத்திக் கையில் கொடுக்கும்போது அடிக்கடி காதில் விழுவது இதுதான்: "இந்தக் கணக்கு எனக்குத் தெரியும் சார், எப்படி விட்டேன்னு தெரியல." பொய் சொல்லவில்லை. அந்தக் கணக்கை நோட்டில் நாலு முறை பார்த்திருப்பார்கள். ஒரு முறைகூட வெற்றுத் தாளில் போட்டிருக்க மாட்டார்கள்.

நான் பார்த்தவரை எல்லாத் தவறுக்கும் தாய்த் தவறு இதுதான். போட்டு வைத்த கணக்கை வாசிக்கும்போது, எந்தச் சூத்திரத்தை எடுப்பது என்ற முடிவைப் புத்தகமே எடுத்துவிடுகிறது. தேர்வில் அந்த முடிவை நாம்தான் எடுக்க வேண்டும். ஆகவே எடுத்துக்காட்டுக் கணக்கின் கேள்வியை மட்டும் எழுதிக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுங்கள். பத்து நிமிடம் முட்டி மோதுங்கள். வரவில்லையா, ஒரே ஒரு வரி பார்த்துவிட்டு மறுபடியும் மூடுங்கள்.

மூடி வைத்துப் போட்டால்தான் நம் கை எங்கே வழுக்குகிறது என்பது தெரியும். 2 மைக்ரோகூலூம், 3 மைக்ரோகூலூம் மின்னூட்டங்கள் 30 செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன, விசை என்ன? முதல் பாடத்தின் சாதாரணக் கணக்கு. விடை 0.6 நியூட்டன். 30 செ.மீ.யை 0.3 மீட்டராக மாற்றிவிட்டு, அதை வர்க்கப்படுத்த மறந்தால் 0.18 வரும். மாற்றாமல் 30 என்றே வைத்தால் விடை 10,000 மடங்கு சிறுத்துவிடும். சூத்திரம் மூன்று பேருக்கும் தெரியும், மதிப்பெண் ஒருவருக்குத்தான். தரவுகளை எழுதும் முதல் வரியிலேயே எல்லாவற்றையும் எஸ்.ஐ. அலகுக்கு மாற்றி எழுதும் பழக்கம் இருந்தால் இதில் பாதிப் பிழை வராது.

ஒளியியலில் குறி உயிரை வாங்கும். குவிலென்சின் குவியத்தொலைவு 20 செ.மீ., பொருள் 30 செ.மீ. தொலைவில். பொருளின் தொலைவை எதிர்க்குறியோடு போட்டால் பிம்பம் 60 செ.மீ.யில் விழும். குறியை மறந்தால் 12 செ.மீ. என்று வரும். அந்த 12ஐ எழுதிவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள். குவியத்துக்கும் அதன் இரு மடங்குத் தொலைவுக்கும் நடுவில் பொருள் இருந்தால் பிம்பம் 40 செ.மீ.க்கு அப்பால்தான் விழும் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு சின்னக் கதிர்ப்படம் போட்டுப் பார்த்திருந்தால் போதும்.

வருவித்தலை, அதாவது ஒரு சூத்திரம் படிப்படியாக எப்படி வருகிறது என்று காட்டுவதை, மனப்பாடம் செய்யும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாக இருக்கும், அவ்வளவு உழைப்பு அதில் போகிறது. மின் இருமுனையை எடுத்துக்கொள்ளுங்கள்: சின்ன இடைவெளியில் சம அளவு நேர், எதிர் மின்னூட்டங்கள் இரண்டு. அச்சுக்கோட்டில் (இரண்டையும் இணைக்கும் கோடு) மின்புலத்துக்கு நேர்க்குறி, நடுவரைக்கோட்டில் (அதை நடுவில் செங்குத்தாக வெட்டும் கோடு) எதிர்க்குறி. இதை இரண்டு தனிப் பாடமாக உருப்போட்டால், தேர்வு அன்று எது எதற்கு என்று குழம்பும். படத்தைப் பாருங்கள். இருமுனைத் திருப்புத்திறனின் திசை எதிர் மின்னூட்டத்திலிருந்து நேர் மின்னூட்டத்தை நோக்கி. அச்சுக்கோட்டில், நேர் மின்னூட்டத்தின் பக்கம் உள்ள புள்ளிக்கு அந்த மின்னூட்டம்தான் கிட்டத்தில் இருக்கிறது. அதன் கை ஓங்குகிறது, ஆகவே புலம் திருப்புத்திறனின் திசையிலேயே போகிறது. நடுவரைக்கோட்டில் இரண்டு மின்னூட்டமும் சம தூரம். நடுவரைக்கோட்டின் வழியே உள்ள கூறுகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. மிஞ்சும் கூறுகள் இரண்டும் நேரிலிருந்து எதிரை நோக்கி, அதாவது திருப்புத்திறனுக்கு நேர் எதிராக. அம்புக்குறிகளைச் சரியாகப் போட்டுவிட்டால் குறியை நினைவில் வைக்கவே வேண்டாம். படம் இல்லாமல் வருவித்தலைத் தொடங்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அப்புறம் லாக் புக். கால்குலேட்டர் கிடையாது, மடக்கை அட்டவணைதான். வருடம் முழுக்க வீட்டில் போனில் பெருக்கிவிட்டு மார்ச் மாதம் லாக் புக்கைத் திறந்தால் கை ஓடாது. குறிப்பாக வர்க்கமூலம். மடக்கை மதிப்பு 'பார் 3 புள்ளி 4' (3க்கு மேல் மட்டும் கோடு, அதாவது −3 + 0.4) என்றால், அதை −2.6 என்று புரிந்துகொள்ளாமல் 3.4ஐப் பாதியாக்கி 'பார் 1 புள்ளி 7' என்று எழுதிவிடுகிறார்கள். −3ஐ −4 ஆக்கி, ஈடாக 0.4ஐ 1.4 ஆக்குங்கள். இப்போது இரண்டால் வகுத்தால் பார் 2 புள்ளி 7. இன்றிலிருந்தே எல்லாக் கணக்கையும் லாக் புக் வைத்தே போடுங்கள்.

"கணக்கை சாய்ஸில் விட்டுவிடுகிறேன்" என்று ஒரு கூட்டம் ஒவ்வொரு வருடமும் வரும். எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 15. இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் பகுதிகள் ஒவ்வொன்றிலும் ஒன்பதுக்கு ஆறு எழுத வேண்டும். ஆனால் 24ஆம் வினாவும் 33ஆம் வினாவும் கட்டாயம், அங்கே பெரும்பாலும் கணக்குதான் வந்து உட்காரும். ஐந்து மதிப்பெண் பகுதியில் ஐந்தும் எழுத வேண்டும், ஒவ்வொன்றிலும் இது அல்லது அது என்ற தேர்வு மட்டும்தான். ஒரு பாடத்தை முழுசாக விட்டால், அந்த 'அல்லது'வின் இரண்டு பக்கமும் தெரியாத கேள்வியாக வந்து நிற்கும் ஆபத்து உண்டு.

ஒரு மதிப்பெண் வினாக்களில் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லியிருப்பார்கள். 'ஆ' என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள்.

வினாத்தாளை வாசிக்கத் தரும் முதல் 10 நிமிடத்தில் 24, 33 இரண்டையும் முதலில் பாருங்கள். விடை வரை போக முடியாது என்று தோன்றினாலும் அந்த இடத்தைக் காலியாக விடவேண்டாம். தரவுகளை அலகோடு எழுதுங்கள், சூத்திரத்தை எழுதுங்கள், எண்களைப் பிரதியிடுங்கள். திருத்துபவர் படிப்படியாகத்தான் மதிப்பெண் போடுகிறார், சூத்திரத்துக்கும் அதில் பங்கு உண்டு.